கூடைக்கு முப்பது

என் சகலைக்குப் படகில் வைத்த பெயர் கிராம். வைத்தவர் சமையல்காரர். ஆனால் அதை ஒரே வாரத்தில் துறைமுகம் முழுக்கப் பரப்பியது என் வாய்தான். கேலிப் பெயர் ஒட்டிக்கொண்டால் ஆள் கொஞ்சம் சுருங்குவான் என்று நினைத்தேன். அவன் சுருங்கவில்லை, பெயர்தான் மரியாதையாகிப் போனது. ஆறே மாதத்தில் பக்கத்துப் படகுக்காரர்கள்கூட, கிராம் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் மீனைப் பற்றி வாய் திறந்தார்கள்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகலாம். உள்ளதைச் சொல்லச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் எனக்குச் சங்கடம். இருந்தாலும் நானே சொல்கிறேன். வேறு யாராவது சொன்னால் அவனை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்துவிடுவார்கள்.

படகுக்கு வருமுன் அவன் ஒரு பார்சல் ஆபீஸில் எடை மேஜையில் இருந்தான். பன்னிரண்டு வருடம், ஒரே நாற்காலி. பெட்டியைக் கையில் வாங்கும்போதே எடை தெரிந்துவிடுமாம், ஆனால் தராசில் வைத்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டானாம். இதை என் கொழுந்தியாள் பெருமையாகச் சொல்லுவாள். அதுதான் தெரிந்துவிட்டதே, பிறகு எதற்குத் தராசு என்று ஒருநாள் கேட்டேன். "அது தெரியறது இல்லண்ணே, தோணுறது" என்றான். எதைக் கேட்டாலும் இப்படி ஒரு பதிலைக் கையில் வைத்திருப்பான். நாங்கள் கீழ் வீட்டிலும் அவர்கள் மாடியிலும் குடியிருந்தோம். அந்த மாடிப்படி மொத்தம் பதினேழு என்று எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். நான் பிறந்ததிலிருந்து அதில் ஏறி இறங்குகிறேன்.

பார்சல் ஆபீஸை ஒருநாள் இழுத்து மூடினார்கள். அவன் வேலையில்லாமல் மாடியில் உட்கார்ந்துவிட்டான். என் மனைவி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள், பிறகு நேராகவே கேட்டாள். எங்கள் படகில் ஆள் குறைவாக இருந்த நேரம் அது. டிரைவரிடம், அதாவது படகை ஓட்டுகிறவரிடம், சொல்லி வைத்தது நான். கையைப் பிடித்து ஏணியில் ஏற்றிவிட்டதும் நான். இதை யாராவது எங்கேயாவது பதிந்து வைத்திருக்கிறார்களா என்றால், இல்லை.

எங்கள் படகில் ஏழு பேர். ஐந்து நாள் கடல், இரண்டு நாள் கரை. இழுவலைப் படகு. வலையை இறக்கி இரண்டு மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டு போய், வின்ச் இயந்திரத்தைப் போட்டுத் தூக்கி, வலையின் மடியை அவிழ்த்துத் தளத்தில் கொட்டுவோம். அதை ஓர் இழுப்பு என்போம். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு பதிவு உண்டு. வலை எப்போது இறங்கியது, எப்போது ஏறியது, எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்த மீன் எத்தனை கிலோ, கடலிலேயே திருப்பிக் கொட்டியது எவ்வளவு என்று கட்டம் கட்டமாக நிரப்பி, மாதம் முடிந்ததும் மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவேடு பதினோரு வருடமாக என் கையில் இருந்தது.

எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். அடித்தல் திருத்தல் இருக்காது. அலுவலகத்தில் என் பக்கங்களைப் புதுப் படகுக்காரர்களுக்குக் காட்டி, இப்படி எழுதுங்கள் என்பார்களாம். துறைமுகத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'புத்தகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடையில் நான் உட்கார்ந்தால், புத்தகத்துக்கு ஒரு டீ என்று குரல் போகும். வலை இழுக்கிறவர்கள் நூறு பேர் இருக்கும் இடத்தில் புத்தகம் நான் ஒருவன்தான்.

எழுதுவது எப்படி என்று கேட்டால், அதில் ஒரு வித்தையும் இல்லை. கூடைக்கு முப்பது கிலோ. எனக்கு முன்னால் எழுதியவரும் முப்பது என்றுதான் போட்டிருந்தார். பத்துக் கூடை என்றால் முந்நூறு. எட்டோ ஒன்பதோ வந்தால் பத்து என்று எழுதுவேன், எனக்குச் சில்லறை பிடிக்காது. தவிரவும், பத்துக்குக் கீழே எழுதினால் ஆட்கள் சரியில்லை என்று ஆகிவிடாதா? வேலை நெருக்கும்போது இரண்டு நாள் இழுப்பை மூன்றாம் நாள் டீயோடு உட்கார்ந்து மொத்தமாக எழுதுவேன். முந்தின இழுப்பு மாதிரிதானே இதுவும் இருந்திருக்கும். கொட்டிய கழிசல் மீனுக்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். கரையில் ஏலமும் கூடைக் கணக்கில்தான் போகும், அங்கேயும் யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?

அவன் படகுக்கு வந்த மூன்றாம் நாள், மீன் பிரித்துக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டான். "அண்ணே, இந்தக் கூடை முப்பது கிலோன்னு யார் சொன்னது?"

கூடைதான் சொல்லிச்சு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த பயணத்துக்கு வரும்போது ஒரு கொக்கித் தராசும், மண் அடைத்து மூடிய ஒரு டின்னும் கொண்டுவந்தான். டின் சரியாகப் பத்துக் கிலோவாம். முதலில் டின்னைத் தொங்கவிட்டு முள் பத்தில் நிற்கிறதா என்று பார்ப்பான், பிறகுதான் மீன். படகு ஆடும்போது முள் எங்கே நிற்கும்? அது மேலும் கீழும் குதிக்கும். அவன் அசராமல் அதன் எதிரே நின்று, மேலே போகும் எண்ணையும் கீழே வரும் எண்ணையும் ஐந்து முறை பார்த்து, நடுவை எடுத்துக்கொள்வான். முள்ளோடு அவன் தலையும் ஏறி இறங்கும். சமையல்காரர் அப்போதுதான் அந்தப் பெயரை வைத்தார்.

சங்கரா மீன் ஒரு கூடை இருபத்திரண்டு கிலோ. கணவாய் அதே கூடையில் இருபத்தாறு. வாளை பத்தொன்பதுகூட வருவதில்லை. அவனுக்கென்று ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். பென்சிலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வான், ஈரத்தில் பேனா ஊறிவிடுமாம். கழிசலைக் கடலில் தள்ளுமுன், "ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்" என்று மண்வெட்டிக்குக் குறுக்கே நிற்பான். முதலில் எல்லோரும் திட்டினார்கள். அதற்கடுத்த பயணத்தில் அவர்களாகவே மண்வெட்டியை நிறுத்திக்கொண்டு, "எடை போட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அதுதான் முதல் அடி. பதினோரு வருடத்தில் என்னிடம் யாரும் எழுதியாச்சா என்று கேட்டதில்லை.

அவன் அந்த நோட்டை யாருக்கும் காட்டவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். டிரைவர்தான் ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது அதை எடுத்துப் பார்த்திருக்கிறார். அதே இழுப்புக்கு என் பதிவேட்டில் முந்நூறு, அவன் நோட்டில் நூற்று எழுபத்து மூன்று. புதிதாக வந்திருந்த மீன்வள அதிகாரி, ஒரு சின்ன வயதுப் பெண், இனி எடை போட்டுத்தான் எழுத வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார். டிரைவருக்கு அந்த நினைப்பு வந்திருக்க வேண்டும். அடுத்த பயணம் கிளம்பும்போது என் படுக்கைப் பலகையிலிருந்து பதிவேட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "நீ வலையைப் பாரு, புத்தகம். அவர் எழுதட்டும்."

புத்தகத்தைப் பிடுங்கும்போதும் என்னைப் புத்தகம் என்றுதான் கூப்பிட்டார். பிறகும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பொறாமை. அவன் பென்சிலைப் பார்த்தால் எரிந்தது. அவன் பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியதைப் பார்த்தால் எரிந்தது. அவன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், அதையாவது யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். அலுவலகத்தில் அந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி, இப்படி ஒரு பதிவேட்டை நான் பார்த்ததே இல்லை என்றாராம். டிரைவர் இதைப் படகு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் வலை ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? என் மகள் எட்டாவது படிக்கிறாள். கணக்குப் பாடத்தில் சராசரி, வரைபடம் என்று ஏதோ வந்தால் முன்பு என்னிடம்தான் வருவாள். ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். எங்கே என்று கேட்டேன். சித்தப்பாவிடம் என்றாள். ஏன், அப்பாவுக்குத் தெரியாதா என்றேன். "நீங்க சுமாரா சொல்லுவீங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். குழந்தை விகல்பமில்லாமல் சொன்னது. அந்த 'சுமாரா' எனக்குள் ஒரு மாதம் கிடந்து குடைந்தது. என் மனைவியோ, உங்கள் வாயிலிருந்து அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராதா என்று கேட்டாள். வராது என்றேன்.

ஒரு கேவலமான வேலையும் செய்தேன். சொல்லிவிடுகிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நிழலில் சாய்ந்திருந்த நேரம். அவனுடைய சோதனை டின்னைத் திறந்து இரண்டு கை மண்ணை அள்ளிக் கடலில் போட்டுவிட்டு மூடிவைத்தேன். தராசு கெட்டுவிட்டது என்று அவன் குழம்பட்டும், எண்களெல்லாம் தாறுமாறாகப் போகட்டும் என்று எண்ணம். மாலை இழுப்பு ஏறியதும் டின்னைத் தொங்கவிட்டான். முள் ஒன்பதரைக்குப் பக்கத்தில் நின்றது. அவன் முள்ளைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான், மூடியைத் தடவிப் பார்த்தான். நான் குனிந்து வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே போய் இன்னொரு டின்னைக் கொண்டுவந்தான். அவனிடம் இன்னொரு டின் இருந்தது.

அன்றைய பக்கத்தின் ஓரத்தில், 'சோதனை டின் எடை குறைந்துள்ளது, காரணம் தெரியவில்லை, மாற்றப்பட்டது' என்று நேரம் போட்டு எழுதியிருந்தான். நான் செய்த சில்லறைத்தனத்துக்குக்கூடப் பதிவேட்டில் நேரமும் தேதியும் இருக்கிறது. யார் செய்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் பாஷையில் அது தோன்றுவது, தெரிவது அல்ல. அதனால் எழுதவில்லை.

இப்படி ஒரு வருடம் போனது. அப்போதுதான் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

கடிதத்தின் சாரம் இது. பதினோரு வருடமாக இந்தப் படகுக்கு ஓர் இழுப்புக்கு முந்நூறு கிலோ வந்திருக்கிறது. ஆள் மாறியதும் அது நூற்று அறுபதுக்கு இறங்கிவிட்டது. ஒரே வருடத்தில் கடலில் பாதி மீன் காணாமல் போகாது. ஆகவே பிடிப்பைக் குறைத்துக் காட்டி, மீதியைக் கடலிலேயே வேறு படகுக்கு மாற்றிவிடுவதாகச் சந்தேகம். பதிவு எழுதியவரின் கடல் அட்டையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று வந்து விளக்க வேண்டும். முன்பு எழுதியவரும் டிரைவரும் உடன் வர வேண்டும்.

கடல் அட்டை போனால் எங்கள் படகு மட்டுமல்ல, எந்தப் படகிலும் கால் வைக்க முடியாது.

பொய் சொல்ல மாட்டேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மீன் எங்கேயும் போகவில்லை, வேறு படகுக்கும் மாறவில்லை, அவன் எழுதியது கிராம் சுத்தமாக உண்மை என்று எனக்குத் தெரியும். என் முந்நூறுதான் கதை. ஆனால் அதை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் என் பதினோரு வருடமும் குப்பைக்குப் போய்விடும். நான் அவனுக்கு எதிராக ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். என் பதிவேடு என்னிடம் தானாக வந்து சேரும்.

விசாரணைக்கு முந்தின நாள் கொழுந்தியாள் கீழே இறங்கி வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "அத்தான், அவர் வாயால உங்களச் சொல்ல மாட்டாரு. நீங்களாச் சொன்னாத்தான் உண்டு."

ஆபீஸ் விஷயம், நம்ம கையில என்ன இருக்கு என்று இழுத்தேன். அவள் மேலே ஏறிப் போய்விட்டாள். என் மனைவி குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தேன். சாப்பாடு இறங்கத்தான் செய்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் இருந்தோம். ஒரு நீள மேஜை, அதன் இந்தப் பக்கம் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, அந்தப் பக்கம் அந்த அதிகாரி. மேஜை மேல் என் பதிவேடுகள் பதினொன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. முதுகில் வருடம் ஒட்டி, நூல் பிரியாமல், அழகாக இருந்தன. பக்கத்தில் அவனுடையது ஒன்றே ஒன்று, தண்ணீர் பட்டு உப்பி, மீன் செதில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பார்க்கும்போதே எது உண்மை எது பொய் என்று யாரும் தப்பாகத்தான் சொல்வார்கள்.

முதலில் டிரைவரைக் கேட்டார். டிரைவர், எனக்கு இன்ஜினும் வலையும்தான் தெரியும், எழுத்து வேலை அவர்களுடையது என்று கைகழுவிவிட்டார். பிறகு அவனைக் கேட்டார். அவன் எழுந்து நின்று, தராசைப் பற்றி, டின்னைப் பற்றி, முள்ளின் நடுவைப் பற்றிப் பதில் சொன்னான். மீனை வேறு படகுக்கு மாற்றினீர்களா என்றதற்கு இல்லை என்றான். நான் கண்ணை மேஜை விளிம்பை விட்டு எடுக்கவில்லை.

"அப்ப முன்னாடி எழுதினவர் பொய்யா எழுதினாரா?" என்று அதிகாரி கேட்டார்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் கேள்வி முடியுமுன் ஆமாம் என்றிருப்பேன்.

"அவர் எழுதி நான் கூட இருந்தது அஞ்சு பயணம்தான், மேடம். தராசு கொண்டுபோனது கடைசி நாலுல. அந்த நாலுல கூடை முப்பது இல்ல, அத நான் எடை போட்டுப் பார்த்தேன். அதுக்கு முன்னாடி கூடை பெருசா இருந்திருக்கலாம், மீன் அதிகமா இருந்திருக்கலாம். நான் அங்க இல்ல. பாக்காதத நான் எழுதவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன்."

நாலு பயணத்தை வைத்துப் பதினோரு வருடத்தைத் தள்ள முடியாது என்று அதிகாரி சொன்னார். அட்டையை மேஜை மேல் வைக்கச் சொன்னார். அவன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, துடைத்து, வைத்தான்.

நான் ஜெயித்துவிட்டேன். அந்த நொடியில்தான் எனக்கு மண்டைக்குள் சுள்ளென்று ஏறியது. இவன் யார் எனக்கு விட்டுக்கொடுக்க? கூடை பெரிதாக இருந்திருக்கலாமாம். எனக்கு இவன் பெருந்தன்மையாக ஒரு வழி திறந்துவிடுகிறானாம். இப்போது அட்டை போய் வீட்டில் உட்காருவான். என் மனைவி, என் மகள், துறைமுகம், எல்லோரும் காலம் பூராவும் சொல்லுவார்கள், அவர் கடைசி வரைக்கும் சகலையைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று. எடையில் ஜெயித்தான், எழுத்தில் ஜெயித்தான், இதிலும் அவனே ஜெயித்துக்கொண்டு போவதா? அந்த நல்ல பெயரை நான் அவனுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதா?

பின்னால் எல்லோரும் எனக்கு மனசாட்சி உறுத்தியது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நான் எழுந்தது பொறாமையில்.

"மேடம், அந்தப் பதினோரு வருஷமும் நான் எடை போட்டதே இல்ல" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. கூடைக்கு முப்பது என்று குத்துமதிப்பாகப் போட்டதையும், எட்டைப் பத்தாக்கியதையும், வேலை நெருக்கும்போது முந்தின இழுப்பைப் பார்த்து அடுத்த இழுப்பை எழுதியதையும், கழிசலுக்குக் கோடு போட்டதையும் வரிசையாகச் சொன்னேன். முதலில் பிரம்புக் கூடை இருந்தது, அது நைந்து போனதும் நீலப் பிளாஸ்டிக் கூடை வந்தது, அது சின்னது, அப்போதும் முப்பது என்றே எழுதினேன் என்றும் சொன்னேன்.

அதிகாரி ஒன்றும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது. "பதினோரு வருஷம் இல்ல, மேடம். பத்து வருஷம் ஏழு மாசம். முதல் புத்தகத்துல முன்பக்கமெல்லாம் வேற ஒருத்தர் எழுத்து." அவனை அங்கேயே கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

அதிகாரி அட்டையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு என் பதிவேடுகளில் ஒன்றைத் திறந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். அதட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "மீன் குறைஞ்சிருக்குங்கறது நிஜம். எப்பலேர்ந்து குறைய ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா என்ன செய்யறதுன்னு ஒரு முடிவுக்கு வரலாம். பிளாஸ்டிக் கூடை எந்த வருஷம் வந்தது? பத்துக் கூடை எந்த வருஷத்துல எட்டாச்சு?"

யோசித்தேன். நான் அங்கேதான் இருந்தேன். ஒவ்வோர் இழுப்பும் என் கண் முன்னால்தான் கொட்டியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை, கேலி இல்லை. பசித்தவன் அடுத்தவன் தட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

அதிகாரி பதிவேட்டை மூடினார். இந்தப் பதினொன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றும், அவனுடையதை முதல் வருடமாக வைத்துக்கொண்டு இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்போதும் எழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது.

வெளியே வந்ததும் டிரைவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் படகுத் துறைப் பக்கம் நடந்தோம். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன், சொன்னால் எப்படி அலட்சியமாக வாங்கிக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஐஸ் கிடங்கைத் தாண்டியும் அவன் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா என்று கேட்டேவிட்டேன்.

அவன் நின்றான். "சொல்லணும்னுதாண்ணே நினைக்கிறேன். வரமாட்டேங்குது."

ஏன் என்றேன்.

"எனக்கு உங்க மேல பொறாமை. படகுல ஏறின நாள்லேர்ந்து. பார்சல் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷம் யாரோ அனுப்பின பெட்டிய எடை போட்டேன். சாயங்காலம் ஆனா அந்தச் சீட்டுக்கு மதிப்பில்ல, குப்பைக்குப் போயிரும். உங்க கையில கடலைக் குடுத்திருந்தாங்க. பத்து வருஷம் ஏழு மாசம், ஒவ்வொரு இழுப்பும். இனிமே யார் நினைச்சாலும் அதத் திரும்ப எடை போட முடியாது. நீங்க பாத்தத நான் பாத்திருந்தா..." கழுத்துப் பென்சிலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, ஐஸ் ஏற்ற வேண்டும், நேரமாயிற்று என்று முன்னால் நடந்தான்.

என்னைப் பார்த்து ஒருத்தனாவது பொறாமைப்பட மாட்டானா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். இவனே பட்டிருக்கிறான், அதுவும் ஒரு வருடமாக. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.